ஒரே ஒரு புள்ளி: கோயம்புத்தூர், 2019 மார்ச் 9



போன தடவை கூட்டுறவு சங்கங்கள் பற்றி எழுதி உங்களையெல்லாம் தூங்க வைத்தேன் என்று வகுப்பில் ஒரு குற்றச்சாட்டு இருக்கிறது. அதனால் இந்த முறை கால்பந்து. ஆனால் முதலிலேயே சொல்லிவிடுகிறேன், பி.காம் படிக்கிறவன் எழுதினால் கால்பந்திலும் கொஞ்சம் கணக்கு வழக்கு வந்துவிடும். பொறுத்துக்கொள்ளுங்கள் :-)

நம்ம பெரம்பலூர், அரியலூர் பக்கம் கால்பந்துக்கு என்ன மரியாதை என்பது உங்களுக்கே தெரியும். கிரிக்கெட், கபடி, வாலிபால், அதற்கு அப்புறம்தான் மற்றதெல்லாம். இங்கிலாந்து லீகில் எந்த அணி எத்தனையாவது இடம் என்று மூச்சு விடாமல் சொல்லும் பையன்களிடம் கேட்டுப் பாருங்கள்: "தமிழ்நாட்டு அணி ஒன்று இந்தியாவின் ஐ-லீக் கோப்பையை ஜெயித்தது தெரியுமா? அதுவும் சொந்த மைதானத்தில், கடைசி நாளில், ஒரே ஒரு புள்ளி வித்தியாசத்தில்?" பத்தில் எட்டு பேர் "சென்னையின் எஃப்சியா?" என்பார்கள். இல்லை. அது வேறு அணி, வேறு லீக். நான் சொல்வது சென்னை சிட்டி எஃப்சி. பெயரில் சென்னை இருந்தாலும் ஜெயித்தது கோயம்புத்தூரில்!

கதையைக் கொஞ்சம் பின்னாலிருந்து தொடங்க வேண்டும்.

இந்தியாவில் தேசிய அளவிலான லீக் என்று ஒன்று வந்ததே 1996-ல்தான். தேசிய கால்பந்து லீக் என்று பெயர். அதில் நம் மாநிலத்திலிருந்து இந்தியன் வங்கி அணி ஆடியது. வங்கி அணி என்றால் ஆட்டக்காரர்கள் வங்கி ஊழியர்கள். சம்பளம், பென்ஷன் எல்லாம் உண்டு. பந்து விளையாடினால் வேலை கிடைக்கும் என்பதுதான் அன்றைக்கு ஒரு பையனை மைதானத்துக்கு அனுப்ப அப்பா அம்மாவைச் சம்மதிக்க வைத்த ஒரே வாதம். 2003-04-லும் இந்தியன் வங்கி அந்த லீகில் ஆடியது. ஆனால் 2007-08-ல் லீகின் பெயர் ஐ-லீக் என்று மாறியபோது தமிழ்நாட்டு அணி எதுவும் அதில் இல்லை. அடுத்த எட்டு சீசனும் இல்லை. நன்றாக ஆடுகிறவன் கொல்கத்தாவுக்கோ கோவாவுக்கோ கேரளாவுக்கோ மூட்டை கட்ட வேண்டியதுதான். ராமன் விஜயன் அப்படித்தான். 1997-98 தேசிய லீகில் அதிக கோல் அடித்தவர் நம் ஊர்க்காரர், ஆனால் அடித்தது எஃப்சி கொச்சின் அணிக்காக.

இதற்கு நடுவே 2014-ல் ஐ.எஸ்.எல் வந்தது. நடிகர்கள், கிரிக்கெட் வீரர்கள், வாணவேடிக்கை. சென்னையின் எஃப்சி 2015-லும் 2017-18-லும் கோப்பை வாங்கியது. அதைக் குறை சொல்ல நான் வரவில்லை. ஆனால் அந்த வெளிச்சத்துக்குப் பக்கத்தில் இருட்டில் நின்ற அணி ஒன்று இருந்தது. 1946-ல் நேதாஜி ஸ்போர்ட்ஸ் கிளப் என்ற பெயரில் தொடங்கி, பின்னாளில் சென்னை சிட்டி எஃப்சி ஆன கிளப். 2016-17-ல் ஐ-லீகில் நேரடியாக இடம் கிடைத்தது. அதே வருஷம் அதே மாதிரி நேரடி இடம் வாங்கி உள்ளே வந்த இன்னொரு அணி மினர்வா பஞ்சாப். இந்தப் பெயரை ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள், மறுபடியும் மறுபடியும் வரும்.

முதல் சீசனில் சென்னை சிட்டி பத்து அணிகளில் எட்டாவது. அடுத்த சீசனிலும் எட்டாவது. இரண்டாவது சீசனில் சென்னையை விட்டே கிளம்பி, கோயம்புத்தூரில் வ.உ.சி. பூங்கா பக்கத்தில் இருக்கும் ஜவகர்லால் நேரு ஸ்டேடியத்தைச் சொந்த மைதானமாக்கிக்கொண்டார்கள். (சென்னையிலும் நேரு ஸ்டேடியம், கோவையிலும் நேரு ஸ்டேடியம். குழப்பிக்கொள்ள வேண்டாம்.) ஒரு கம்பெனி தன் பெயரில் இருக்கும் ஊரை விட்டு 500 கிலோமீட்டர் தள்ளிப் போய்க் கடை போட்டால் என்ன ஆகும்? மார்க்கெட்டிங் வாத்தியார் தலையில் அடித்துக்கொள்வார். ஆனால் கோவைக்காரர்கள் வந்தார்கள். பெயரைப் பற்றி யாரும் சண்டை போடவில்லை.

2018-19 சீசனுக்கு அக்பர் நவாஸ் என்ற சிங்கப்பூர்க்காரர் பயிற்சியாளராக வந்தார். அவர் கையில் இருந்தது இரண்டு விதமான ஆட்கள். ஒரு பக்கம் ஸ்பெயினிலிருந்து வந்தவர்கள்: கோல்கீப்பர் நௌசெட் சந்தானா, தடுப்பில் ராபர்ட்டோ எஸ்லாவா, நடுவில் சாண்ட்ரோ ரோட்ரிகஸ், நெஸ்டர் கோர்டில்லோ, முன்னால் பெட்ரோ மான்சி. ரியல் மாட்ரிட், பார்சிலோனா என்று கற்பனை செய்யாதீர்கள், ஸ்பெயினின் கீழ்ப் பிரிவுகளில் ஆடிக்கொண்டிருந்தவர்கள். இன்னொரு பக்கம் நம் பையன்கள்: அலெக்சாண்டர் ரொமாரியோ ஜேசுராஜ், எட்வின் சிட்னி வான்ஸ்பால், அஜித் குமார், பிரதிசன் மரியதாசன், விஜய் நாகப்பன், ஸ்ரீராம் பூபதி. கூட கேரளத்து மஷூர் ஷெரீஃப், அசாமின் கௌரவ் போரா. பெரும்பாலும் இளைஞர்கள். பெரிய அணிகள் ஏலம் கேட்காத பெயர்கள்.

இந்த மாதிரி சேர்க்கை பல இடத்தில் சொதப்பியிருக்கிறது. வெளிநாட்டுக்காரன் பந்தைப் பிடித்துக்கொள்வான், உள்ளூர்ப் பையன் ஓடிக்கொண்டே இருப்பான். இங்கே அப்படி நடக்கவில்லை. பந்தைத் தூக்கி எறியாமல் தரையோடு கடத்தி முன்னேறும் ஆட்டத்தை எல்லாரையும் ஆட வைத்தார் நவாஸ். 2018 அக்டோபர் 26-ம் தேதி சீசனின் முதல் ஆட்டம், கோவையில். எதிரே இந்தியன் ஆரோஸ், அதாவது கால்பந்து சம்மேளனமே நடத்திய வளரும் பையன்களின் அணி. 4-1. மான்சி மூன்று கோல். சரி, சின்னப் பையன்களை அடித்துவிட்டார்கள் என்று எல்லாரும் நினைத்தார்கள். நவம்பரில் கொல்கத்தா சால்ட் லேக் ஸ்டேடியத்தில் ஈஸ்ட் பெங்காலை 2-1 என்று ஜெயித்தபோதுதான் பத்திரிகைகள் நிமிர்ந்து பார்த்தன. ஜனவரியில் கோவையிலும் அதே ஈஸ்ட் பெங்காலை அதே 2-1. இந்த இரண்டு ஜெயமும் கடைசி நாளில் எப்படி வேலை செய்தன என்பதைப் பின்னால் பாருங்கள்.

மார்ச் மாதம். ஒரு ஆட்டம் ஜெயித்தால் கோப்பை என்ற நிலையில் கோவாவுக்குப் போய் சர்ச்சில் பிரதர்ஸிடம் 2-3 என்று தோற்றார்கள். முடிந்திருக்க வேண்டிய கதை கடைசி நாள் வரை இழுத்துக்கொண்டு போனது. 19 ஆட்டம் முடிந்தபோது கணக்கு இது: சென்னை சிட்டி 40 புள்ளி, ஈஸ்ட் பெங்கால் 39.

மார்ச் 9, சனிக்கிழமை. இரண்டு ஆட்டமும் ஒரே நேரத்தில். கோவையில் சென்னை சிட்டிக்கு எதிரே மினர்வா பஞ்சாப். கோழிக்கோட்டில் ஈஸ்ட் பெங்காலுக்கு எதிரே கோகுலம் கேரளா. பாலக்காட்டுக் கணவாய்க்கு இந்தப் பக்கம் ஒன்று, அந்தப் பக்கம் ஒன்று!

மினர்வா அந்த சீசனில் பட்டியலின் அடியில் கிடந்த அணிதான். ஆனால் நடப்பு சாம்பியன். முந்தைய வருஷம் மார்ச் 8-ம் தேதி, அவர்களும் இதே மாதிரி கடைசி நாளில், இதே மாதிரி சொந்த ஊரில், சர்ச்சிலை 1-0 என்று அடித்துக் கோப்பை வாங்கியவர்கள். ஒரு வருஷமும் ஒரு நாளும் கழித்து அடுத்தவன் கல்யாணத்துக்கு வந்திருக்கிறார்கள். ஈஸ்ட் பெங்காலுக்கோ வேறு கவலை. 1920-ல் தொடங்கிய கிளப், கடைசியாகத் தேசிய லீகை ஜெயித்தது 2003-04-ல். ஐ-லீக் என்று பெயர் மாறியதற்கு அப்புறம் ஒரு தடவைகூட இல்லை. கொல்கத்தாவில் பாதி ஊர் பதினைந்து வருஷமாகக் காத்திருந்தது.

ஆட்டம் ஆரம்பித்த மூன்றாவது நிமிஷம். மினர்வாவின் ரோலண்ட் பிலாலா கோல் அடித்தார். 0-1.

இங்கேதான் நம்ம கணக்குப் புத்தி வேலை செய்கிறது. இடைவேளையில் கோவையில் 0-1, கோழிக்கோட்டில் 0-0. அப்படியே முடிந்தால்? சென்னை சிட்டி 40-லேயே நிற்கும். ஈஸ்ட் பெங்காலுக்கு ஒரு புள்ளி சேர்ந்து 40. சமம். சமமானால் கோல் வித்தியாசம் பார்ப்பதில்லை, இரண்டு அணிகளும் நேருக்கு நேர் மோதியதில் யார் மேலே என்றுதான் பார்ப்பார்கள். நவம்பரிலும் ஜனவரியிலும் அடித்த அந்த இரண்டு 2-1! ஆக, தோற்றுக்கொண்டிருக்கும்போதும் சென்னை சிட்டிதான் சாம்பியன். ஆனால் கோழிக்கோட்டில் ஈஸ்ட் பெங்கால் ஒரே ஒரு கோல் அடித்து ஜெயித்தால் 42. அப்போது சென்னை சிட்டி தோற்றாலும் போச்சு, டிரா செய்தாலும் 41, போச்சு. அதாவது தன் கையில் இருக்கும் ஒரே வழி ஜெயிப்பது. பரிட்சை ஹாலில் பக்கத்துப் பையன் பேப்பரை நம்பி உட்கார்ந்திருப்பதற்கும் இதற்கும் பெரிய வித்தியாசம் இல்லை, என்ன, அவன் 180 கிலோமீட்டருக்கு மேல் தள்ளி உட்கார்ந்திருக்கிறான்.

இரண்டாவது பாதி. 56-வது நிமிஷம் பெனால்டி. மான்சி. 1-1. இது அவருக்கு அந்த சீசனின் 21-வது கோல், சர்ச்சிலின் வில்லிஸ் பிளாசாவோடு சேர்ந்து முதலிடம்.

டிரா போதாது என்பது மைதானத்தில் இருந்த எல்லாருக்கும் தெரியும். 69-வது நிமிஷம் கோல் வந்தது. அடித்தது ஸ்பெயின்காரர் யாரும் இல்லை, மான்சியும் இல்லை. கௌரவ் போரா. பின்னால் நின்று தடுக்க வேண்டிய பையன்! 2-1.

கோழிக்கோட்டில் என்ன நடந்தது தெரியுமா? முதலில் கோல் அடித்தது கோகுலம்தான், மார்கஸ் ஜோசப். ஈஸ்ட் பெங்கால் பின்தங்கிவிட்டது என்ற செய்தி கேட்டுக் கோவையில் நிம்மதிப் பெருமூச்சு விட்டிருப்பார்கள். ஆனால் அது கொஞ்ச நேரம்தான். ஈஸ்ட் பெங்கால் ஒன்று திருப்பியது, இன்னொன்றும் அடித்தது. 2-1. இப்போது அங்கே 42 உறுதி. இங்கே மினர்வா ஒரே ஒரு கோல் போட்டால், சீசன் முழுக்க மேலே இருந்த அணி கடைசி ஐந்து நிமிஷத்தில் கீழே. கிரிக்கெட்டில் கடைசி ஓவர் என்றால் பந்துகளை எண்ணலாம். இங்கே எண்ணுவதற்கும் ஒன்றும் இல்லை, ரெஃப்ரி விசில் ஊதும் வரை நிற்க வேண்டியதுதான்.

90 நிமிஷம் தாண்டி மூன்றாவது நிமிஷம். மறுபடியும் கௌரவ் போரா! 3-1.

முடிவு: சென்னை சிட்டி 43, ஈஸ்ட் பெங்கால் 42. இருபது ஆட்டம், ஐந்து மாதம், ஒரே ஒரு புள்ளி. தமிழ்நாட்டிலிருந்து ஐ-லீக் வென்ற முதல் அணி. அந்த 56-வது நிமிஷத்தோடு கோல் நின்றிருந்தால் இந்தக் கட்டுரையை யாராவது வங்காளத்துப் பையன் எழுதிக்கொண்டிருப்பான்.

"ஐ-லீக் எல்லாம் இரண்டாம் தரம், ஐ.எஸ்.எல் அணியிடம் ஆடியிருந்தால் தெரிந்திருக்கும்" என்று சொல்லும் நண்பர் ஒருவர் நம் வகுப்பிலேயே இருக்கிறார் (பெயர் வேண்டாம்). அவருக்காக ஒரு தகவல். அதே மார்ச் மாதம் ஐ.எஸ்.எல் கோப்பையை ஜெயித்தது பெங்களூரு எஃப்சி. ஏப்ரலில் புவனேஸ்வரில் சூப்பர் கோப்பை காலிறுதியில் இரண்டு சாம்பியன்களும் மோதினார்கள். சென்னை சிட்டி 2, பெங்களூரு 1. அரையிறுதியில் எஃப்சி கோவாவிடம் 0-3 என்று நன்றாக வாங்கிக் கட்டிக்கொண்டார்கள் என்பதையும் சொல்லிவிடுகிறேன்.

இனி வருவது எனக்குப் பிடிக்காத பகுதி. ஆனால் வரலாறு என்று தலைப்புப் போட்டால் பிடித்ததை மட்டும் எழுத முடியாது.

2010-ல் இந்தியக் கால்பந்து சம்மேளனம் தன் வணிக உரிமைகளை ரிலையன்ஸ்-ஐ.எம்.ஜி கூட்டுக்குப் பதினைந்து வருஷத்துக்கு 700 கோடி ரூபாய்க்குக் கொடுத்தது. (2025 டிசம்பரில்தான் அந்த ஒப்பந்தம் முடிந்தது.) ஐ.எஸ்.எல் பிறந்தது அந்த ஒப்பந்தத்தின் வயிற்றில். பணம் போட்டவர் தன் சரக்கைத்தான் கடையில் முன்னால் வைப்பார், இதில் ஆச்சரியம் ஒன்றும் இல்லை. 2018-19 சீசனில் ஐ-லீகின் 110 ஆட்டங்களில் முப்பதை நேரலை காட்ட மாட்டோம் என்று சீசன் நடுவிலேயே சொல்லிவிட்டார்கள். டிவியில் வராத ஆட்டத்துக்கு எந்த ஸ்பான்சர் வருவான்? 2019 ஜூலையில் சம்மேளனம், ஆசிய சாம்பியன்ஸ் லீகுக்கான இடம் இனி ஐ.எஸ்.எல்லுக்கே என்று முடிவெடுத்தது. சென்னை சிட்டி கோப்பையைத் தூக்கி முழுசாக நான்கு மாதம்தான் ஆகியிருந்தது. சாம்பியனாகி மேலே ஏறப் போகிற ஏணியை, ஏறிக்கொண்டிருக்கும்போதே எடுத்துக்கொண்டு போன மாதிரி. கோப்பையின் பெயர் மாறவில்லை, அதன் மதிப்பு மட்டும் ஒரே கூட்டத்தில் இறங்கிவிட்டது. நம்ம பாடத்தில் இதற்குத் தேய்மானம் என்று பெயர், ஆனால் எந்தச் சொத்தும் நான்கே மாதத்தில் இப்படித் தேய்வதில்லை.

நல்லதும் நடக்காமல் இல்லை. 2019-ல் ஸ்விட்சர்லாந்தின் எஃப்சி பாசல் கிளப், சென்னை சிட்டியின் 26 சதவீதப் பங்கை வாங்கியது. அங்கே பாசல் ரசிகர்கள் "நம் பணம் இந்தியாவுக்கு ஏன் போகிறது?" என்று எதிர்ப்புத் தெரிவித்தார்கள்! 2020 ஜனவரியில் ஆசிய சாம்பியன்ஸ் லீக் தகுதிச் சுற்றில் பஹ்ரைனின் ரிஃபா அணியிடம் 0-1 என்று தோல்வி. மான்சி அந்த மாதமே ஜப்பானின் அல்பிரெக்ஸ் நிகாட்டாவுக்குப் போய்விட்டார். பிறகு கொரோனா. 2020-21 ஐ-லீக் கொல்கத்தா பக்கமே பூட்டி வைத்து நடந்தது, கோவையில் ஒரு ஆட்டம்கூட இல்லை. 2021-22 ஐ-லீகில் சென்னை சிட்டி என்ற பெயரே இல்லை. கோப்பை வாங்கி மூன்று வருஷம் ஆகவில்லை.

மற்றவர்கள்? அன்றைக்கு ஒரு புள்ளியில் தோற்ற ஈஸ்ட் பெங்கால், 2020-ல் ஸ்ரீ சிமென்ட் முதலீட்டோடு ஐ.எஸ்.எல்லுக்குள் போனது. (சிமென்ட் என்றதும் அரியலூர்க்காரனுக்குக் காது விடைக்கும். இத்தனை ஆலைப் புகையைச் சுவாசிக்கிறோமே, நமக்கு ஒரு கால்பந்து அணி கிடைக்காதா என்று ஒரு நப்பாசைதான்.) 3-1 என்று அடி வாங்கிய மினர்வா பஞ்சாப் கை மாறி, பெயர் மாறி, 2022-23-ல் ஐ-லீகை ஜெயித்தது. அந்த வருஷம்தான் முதல் முறையாக ஐ-லீக் சாம்பியனுக்கு ஐ.எஸ்.எல்லில் இடம் என்று விதி வந்திருந்தது. ஆக, மேலே ஏறிய முதல் அணி பஞ்சாப். நான்கு வருஷம் முன்னால் அதே கோப்பையைச் சொந்த ஊரில் தூக்கியவர்களுக்கு அப்படி ஒரு விதி இல்லை.

இதில் யார் மேல் தப்பு என்று கேட்டால், ஆளுக்கு ஒரு பங்கு என்பேன். ஆனால் கிளப் நடத்தியவர்களையும் முழுசாக விட்டுவிட முடியாது. நல்ல பையன்களைக் கண்டுபிடிக்கத் தெரிந்த அளவுக்கு அவர்களைத் தாங்கும் வருமானத்தைக் கண்டுபிடிக்கத் தெரியவில்லை. கோவையில் அத்தனை மில், அத்தனை பம்ப்செட் கம்பெனி, அத்தனை கல்லூரி இருந்தும், ஊரின் பெயரைக்கூட அணியில் சேர்க்காமல் விட்டது எனக்கு இன்றுவரை புரியாத விஷயம். பெயர் மாற்றியிருந்தால் பிழைத்திருக்குமா என்றால், அதற்கும் என்னிடம் உத்தரவாதம் இல்லை.

பையன்கள் மட்டும் பிழைத்துக்கொண்டார்கள். ரொமாரியோ 2020-ல் எஃப்சி கோவாவுக்குப் போனார். எட்வின் சென்னையின் எஃப்சிக்கு. அஜித் குமார், தாங்கள் புவனேஸ்வரில் அடித்த அதே பெங்களூருக்கு. மஷூர் ஷெரீஃப் நார்த்ஈஸ்ட் யுனைடெட்டுக்குப் போய், 2021 மார்ச்சில் ஓமனுக்கு எதிராக இந்தியாவின் சட்டையே போட்டுவிட்டார். கடைசி நிமிஷத்தில் மூன்றாவது கோலைப் போட்ட கௌரவ் போரா ஒடிசா எஃப்சிக்கு. எல்லாம் ஐ.எஸ்.எல் அணிகள். கிளப்புக்குத் திறக்காத கதவு, அதில் ஆடிய பையன்களுக்கு ஒவ்வொருவராகத் திறந்தது.

அடுத்த தடவை நம்ம ஊர் சுண்ணாம்புக்கல், டைனோசர் முட்டை பற்றி எழுதச் சொல்லிக் கேட்டிருக்கிறார்கள். பார்க்கலாம், இன்டெர்னல் பரிட்சை முடியட்டும்.